கறுத்த வானமும் ஏற்பு ஊசியும்

மாங்குளத்தில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார்த்திகையில் வானம் கறுத்தாலே நெஞ்சு படபடக்குது. காலநிலைச் செய்தி ஒன்றையும் விடாமல் வாசிக்கிறன். ஆனால் மரம் நடக் கூப்பிட்டால் போக மனம் வருவதில்லை. ஏன்?"

2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இந்தப் படபடப்பு புதிதல்ல. ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா, நெஞ்சைப் படபடக்க வைக்கும் ஓமோன் அட்ரினலின் எல்லாம் பாடப் புத்தகத்திலேயே உண்டு. யானை எதிரே வந்தால் ஓடுவதற்கான ஏற்பாடு அது. காலநிலைக்குப் பயந்து எங்கே ஓடுவது? (பார்வை பார்த்து நூல் கட்டினால் சரியாகும் என்பவர்களிடம் போக வேண்டாம். நூல் அறுந்தால் அதற்கும் பயப்பட வேண்டும்.)

2022இல் 32 நாடுகளின் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 31 நாடுகளில் காலநிலைப் பதற்றம் கூடியவர்களின் மனநலம் குறைந்திருந்தது. 24 நாடுகளில் அவர்களே சூழலுக்கு உகந்த பழக்கங்களிலும் முன்னின்றார்கள். ஊரைத் திரட்டிப் போராடுவதோடு தொடர்பு தெரிந்தது 12 நாடுகளில்தான். அப்படியானால் பயம் சிலரை எழுப்புகிறது, சிலரை இருத்திவிடுகிறது. இதை வன்னிப் பாடசாலைகளில் கேட்டுப் பார்க்க, ஒரு சுற்றாடல் தினப் பதாகைக்கும் பந்தலுக்கும் ஆகும் காசே போதும் என்பது என் எண்ணம்.

சரி, எழுப்புவது எது? எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை 1965இல் நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹவார்ட் லெவெந்தாலும் கூட்டாளிகளும் மாணவர்களுக்கு ஏற்பு நோய் (டெட்டனஸ்) பற்றிய கையேடு கொடுத்தார்கள். சிலருக்குக் குலை நடுங்க வைக்கும் கையேடு, சிலருக்குச் சாதுவானது. நடுங்கியவர்கள் "கட்டாயம் ஊசி போடுவோம்" என்றார்கள். போய்ப் போட்டவர்களை எண்ணினால், கையேடு மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம்!

இன்னொரு பகுதியினருக்குக் கையேட்டுடன் ஒரு வரைபடமும் கிடைத்தது. அதில் சுகாதார நிலையம் வட்டமிடப்பட்டிருந்தது. உங்கள் வார அட்டவணையைப் பார்த்து எப்போது போவீர்கள் என்று தீர்மானியுங்கள் என்றார்கள். போனவர்கள் ஏறத்தாழ 28 சதவீதம். அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதுதான் வேடிக்கை. பயம் பெரிதா சிறிதா என்பதால் ஊசி போட்டவர் தொகை மாறவில்லை. ஆனால் பயமூட்டாமல் வழியை மட்டும் காட்டிய குழுவில் ஒருவரும் போகவில்லை.

பயம் குளத்துத் தண்ணீர் என்றால், வழி அதன் துருசு (மதகு). குளத்தில் தண்ணீர் இல்லாமல் துருசைத் திறந்து பயனில்லை. நிறைந்த குளத்துக்குத் துருசு இல்லாவிட்டாலோ தண்ணீர் குளக்கட்டை அரிக்கத் தொடங்கும். வழி தெரியாத மனம் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தையே சமாளிக்கப் பார்க்கும் என்று 1992இல் தொடர்பாடல் ஆய்வாளர் கிம் விட்டே விளக்கினார். போனைக் கவிழ்த்து வைப்பதும் "எல்லாம் விதி" என்பதும் அந்தச் சமாளிப்புத்தான்.

தங்கச்சி, உங்கள் குளம் நிறைந்திருக்கிறது. "மரம் நடுவோம் வாருங்கள்" என்ற அழைப்பில்தான் வரைபடம் இல்லை. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். மாரி தொடங்குமுன் பத்துப் பனங்கொட்டையைக் குளக்கட்டோரம் புதைக்கலாம். எந்தக் குளம், எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி, கூட வருவது யார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.