கேட்டுக்கு வெளிய ஒரு மாம்பழப் பெட்டி

மே ஜூன் வந்துட்டா எங்க கிருஷ்ணகிரில மாம்பழம் வந்த அட்டைப்பெட்டி இல்லாத வீடே இருக்காது. அந்தப் பெட்டில ஒண்ணுதான் போன சீசன்ல ஒரு நாள் காலைல, ஆதரவில்லாத நாய் பூனைங்களைப் பார்த்துக்கற ஷெல்டரோட கேட்டுக்கு வெளிய இருந்துச்சு. உள்ள அஞ்சு நாய்க்குட்டி, கண்ணே இன்னும் திறக்கல, ஒண்ணு மேல எறும்பு ஏறிடுச்சு. நான் கால்நடை டாக்டருங்க, வழக்கமா மாடு, ஆடு, சாயந்திரத்துல கிளினிக், அதுபோக வாரத்துல ரெண்டு நாள் இந்த ஷெல்டருக்குப் போய் பார்த்துட்டு வருவேன். இந்த மாதிரி பெட்டி எத்தனையோ பார்த்தாச்சு. வெச்சுட்டுப் போறவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, ரோட்ல விட மனசு வராமத்தான் இங்க கொண்டு வந்து வைக்கிறாங்க, ஆனா உள்ள வந்த அப்புறம் அந்தக் குட்டிங்களுக்கு என்ன ஆகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது, அதை நான் சொல்லியே ஆகணும்.

பார்வோன்னு ஒரு வைரஸ் இருக்கு. தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தா வாந்தி, ரத்தமா பேதி, ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். நாப்பது அம்பது நாய் இருக்கற எடத்துல, எங்கிருந்தோ வந்த ஒரு குட்டி அதைக் கொண்டு வந்துட்டா மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், நம்ம செருப்புல ஒட்டிட்டு அடுத்த கூண்டுக்கும் போகும். தடுப்பூசிய வழக்கமா ஆறு எட்டு வார வயசுலதான் ஆரம்பிப்போம், அப்புறம் பூஸ்டர் வேற. அதனால கண்ணு திறக்காத குட்டிக்கு ஷெல்டரை விட ஆபத்தான எடம் இல்லன்னுதான் சொல்வேன். தாய் பக்கத்துல இருந்தா குட்டிய எடுக்காதீங்க. ஒரு சாக்கை விரிச்சு மழை படாத எடமாப் பார்த்து விடுங்க, தாய்க்கு ரெண்டு வேளை வயிறு நெறைய சோறு போடுங்க, மீதிய அது பார்த்துக்கும். தாய் செத்துப்போயிருந்தா மட்டும் போன் பண்ணுங்க, அப்பவும் ஒரு மாசம் உங்க வீட்லயே வெச்சு வளர்க்க முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் (பசும்பால் பேதியாக்கும், குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு), பால் குடிச்சதும் ஈரப் பஞ்சால அடிவயித்துக்குக் கீழ தொடைச்சாத்தான் அது மூத்திரமே போகும், ராத்திரி சூடு வேணும். கஷ்டமான வேலைதான், ஆனா நாலு வாரம் நீங்க பண்ணிட்டா அந்தக் குட்டி பொழைச்சுக்கும், ஷெல்டர்ல ரெண்டே ரெண்டு ஆளு அம்பது நாயைப் பார்க்கறப்ப இதை யாரு பண்ண முடியும் சொல்லுங்க.

பினாயில் விஷயமும் சொல்லிடறேன். நெறைய பேர் அன்பா கேன் கேனா கொண்டு வந்து இறக்கிட்டுப் போறாங்க. பினாயிலுக்குப் பார்வோ சாகாது, ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிக்குத்தான் சாகும். பூனைங்களுக்கோ பினாயில் விஷம், தரையில இருக்கறது கால்ல ஒட்டி, அதை நக்கியே உடம்பு கெட்டுடும். அந்தக் காசுக்கு ப்ளீச்சிங் பவுடர், கையுறை, பழைய நியூஸ்பேப்பர் கொடுத்தா எங்களுக்கு ரொம்ப உதவி. பழைய புடவை, போர்வை, துண்டு எல்லாமே வேணும், பஞ்சு தலகாணி மட்டும் வேண்டாம், கிழிச்சு முழுங்கிட்டா குடல் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடுது. வீட்ல மிஞ்சின மாத்திரையும் கொடுக்கறாங்க, டேட் பார்த்து பிரிக்காத அட்டையாக் கொடுங்க, எதை எந்த மிருகத்துக்குக் கொடுக்கறதுன்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம். பாரசிட்டமால் பாதி மாத்திரை போதும் ஒரு பூனை சாகறதுக்கு, அதனால நீங்களாவே எதுக்கும் கொடுத்துடாதீங்க.

பிறந்தநாள், கல்யாண நாள் வந்தா பிரியாணி டபரா வரும். வேக வெச்ச எலும்பு கூரா உடைஞ்சு குடலைக் குத்தும், வெங்காயம் நாயோட ரத்தத்தையே கெடுக்கும், எண்ணெய் மசாலா பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல. விருந்துக்கு மறுநாள் எனக்கு வாந்தி பேதி கேஸ் வராம இருந்ததே இல்ல. அதுக்குப் பதிலா ஒரு சிப்பம் அரிசி, நம்ம ஊர்ல தாராளமா விளையற கேவுறு, ஒரு ட்ரே முட்டை கொடுங்க. எல்லாத்தையும் விட மாசக் கடைசில தீர்ந்து போறது கேஸ் சிலிண்டருங்க, அதை யாரும் கேட்கறதும் இல்ல கொடுக்கறதும் இல்ல. என்னைக் கேட்டா ஒரே தடவை அஞ்சாயிரம் கொடுக்கறதை விட மாசாமாசம் இருநூறு ரூபா தவறாம வந்தா அதுதான் பெருசு, ஏன்னா எத்தனை நாயைச் சேர்த்துக்கலாம்னு அந்த நம்பிக்கைலதான் கணக்குப் போட முடியும்.

கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போங்க. தடுப்பூசி ரிஜிஸ்டர் காட்டச் சொல்லுங்க, கருத்தடை எத்தனைக்கு ஆச்சு, போன மாசம் எத்தனை செத்துச்சுன்னு கேளுங்க. சாவு எல்லா ஷெல்டர்லயும் இருக்கும், அதை மறைக்காமச் சொல்ற எடத்துக்குத்தான் நான் கொடுப்பேன்.

நம்ம ஊரு ரோடு பத்தி சொல்லியாகணும். பெங்களூர், சென்னை, சேலம் மூணு பக்கத்து ஹைவேயும் கிருஷ்ணகிரில சேருது, சூளகிரில இருந்து தொப்பூர் வரைக்கும் ராத்திரில வண்டி அடிச்ச நாய்தான். இடுப்பு ஒடிஞ்சு பின்னங்கால் வராத நாய் இங்க எப்பவும் ஏழெட்டு இருக்கும். அதுங்களால தானா மூத்திரம் போக முடியாது, ஒரு நாளைக்கு மூணு தடவை ஒருத்தர் வயித்தை அமுக்கி விடணும், விட்டா கிட்னி வரைக்கும் சீழ் ஏறிடும். இதைக் கத்துக்க ஒரு மணி நேரம் போதும். பக்கத்துத் தெருல இருக்கற காலேஜ் பையன் ஒருத்தன் தினம் சாயந்திரம் வந்து பண்ணிட்டுப் போறான், அவன் வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அந்த நாய்ங்களுக்கு நான் ஆன்டிபயாடிக் எழுதறதே பாதியாக் கொறைஞ்சிடுச்சு. ஒரு பிளம்பர் அண்ணன் இருக்காரு, மிஞ்சின பிவிசி பைப்பையும் பொம்மை வண்டி சக்கரத்தையும் வெச்சு மூணு நாய்க்கு நடை வண்டி செஞ்சு கொடுத்தாரு. குட்டி யானை ஓட்டற தம்பி ஒருத்தர், நாமக்கல் பக்கம் லோடு போறப்ப போன் பண்ணுவாரு, பெரிய ஆபரேஷனுக்கு அங்க கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டிய நாயை ஏத்தி விடுவோம். இவங்க யாரும் கையில காசா ஒரு ரூபா கொடுத்ததில்லங்க.

அடிபட்ட நாயைத் தூக்கறப்ப மட்டும் ஜாக்கிரதை, வலில எந்த நாயும் கடிக்கும். துப்பட்டாவால வாயை மெதுவாக் கட்டிட்டு, பலகையோ சாக்கோ அடில விட்டுத் தூக்குங்க. கடிச்சுட்டா பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணில சோப்பு போட்டுக் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி அங்க இலவசம். ஷெல்டருக்கு அடிக்கடி வர்றவங்க முன்கூட்டியே போட்டுக்கற ரேபிஸ் ஊசியப் போட்டுடுங்க.

2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்துச்சு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் மாதிரி எடத்துல புடிக்கற நாயைத் திரும்ப அங்கயே விடாம ஷெல்டர்ல வைக்கணும்னு. மத்த தெருநாய்க்கு 2023 ஏபிசி (நாய்ங்களுக்குக் கருத்தடை பண்றதுக்கான மத்திய அரசு) விதிப்படி கருத்தடை, ரேபிஸ் ஊசி போட்டு புடிச்ச எடத்துலயே விடறதுதான். ஆக ஷெல்டர்ல கூட்டம் ஏறத்தான் போகுது. ஏற்கனவே எடம் இல்ல. அதனால நான் எல்லார்கிட்டயும் கெஞ்சறது ஒண்ணுதான், உங்க தெருல இருக்கற பெட்டை நாய் ஒண்ணுக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கோங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும், தடவைக்கு நாலு அஞ்சு. காவேரிப்பட்டணம் பக்கம் டீக்கடை வெச்சிருக்கற அக்கா ஒருத்தங்க, தினம் பன்னு போட்டுப் பழக்கி, "சார் இன்னைக்குக் காலைல சோறு வைக்கல, வெறும் வயிறா இருக்கு, ஆபரேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு அவங்களே போன் பண்ணாங்க. வலை இல்ல, தொரத்தல் இல்ல, ஆட்டோல ஏத்திட்டு வந்தோம். அஞ்சு நாள் கழிச்சு அதே கடை வாசல்ல விட்டோம். மூணு வருஷமா அந்தத் தெருல இருந்து ஒரு பெட்டியும் வரல.

இன்னொண்ணு, வீட்ல பெரிய நாய் வெச்சிருக்கறவங்களுக்கு. உண்ணிக் காய்ச்சல் நம்ம பக்கம் ரொம்ப ஜாஸ்தி, ஈறு வெள்ளையா வெளுத்துப்போய் வர்ற நாய்க்கு மருந்து வேலை செய்யற வரைக்கும் தாங்கறதுக்கு ரத்தம் ஏத்தணும். 25 கிலோவுக்கு மேல எடை, ஒரு வயசுல இருந்து ஏழு வயசுக்குள்ள, தடுப்பூசி எல்லாம் போட்ட, உண்ணிக் காய்ச்சல் வராத நாய் கொடுக்கலாம். அரை மணி நேர வேலை, கொடுத்த நாய்க்கு ஒண்ணும் ஆகாது, சில வாரத்துல ஊறிடும். அடுத்த தடவை ஊசிக்குக் கூட்டிட்டு வர்றப்ப சொல்லுங்க, எடை பார்த்துட்டு நோட்ல பேர் எழுதி வெச்சுக்கறேன், இப்போதைக்கு அதுல நாலே நாலு பேர்தான் இருக்கு.