சராசரிக்கு ‘இடைநிலை’ வேண்டாம்

‘வகுப்பின் இடைநிலை மதிப்பெண் 50’ என்று எழுதுகிறார்கள். சொல்ல வந்தது சராசரி. தனித்தமிழில் எழுதிவிட்ட திருப்தி அவர்களுக்கு, குழப்பம் படிப்பவருக்கு.

‘சராசரி’ பாரசீகத்தின் ‘சராசர்’ வழி வந்தது. ஒரு தலைமுதல் மறுதலைவரை, முழுக்க என்று பொருள். மராத்தியிலும் இதே சொல்தான். நம் ‘சரி’க்கும் இதற்கும் உறவில்லை.

மாற்றுச்சொல் தேடுவது நியாயமே. ஆனால் ‘இடைநிலை’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடைநிலை அளவு என்பது, ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் மதிப்பு. (இலங்கையில் அது ‘இடையம்’, சராசரிதான் ‘இடை’. அங்கே குழப்பமில்லை.)

‘இரண்டும் சேர்ந்துதானே நகர்கின்றன?’ என்று கேட்பார்கள். 35, 40, 40, 55, 80 என்ற மதிப்பெண்களில் சராசரி 50, இடைநிலை 40. எல்லோருக்கும் 5 கூட்டினால் 55, 45. ஆம், சேர்ந்துதான் நகர்ந்தன. முகடும் (அதிக முறை வரும் மதிப்பு) அப்படியே 40 போய் 45 ஆகும். அதையும் சராசரி என்பீர்களா? 80 எடுத்தவருக்கு மட்டும் 20 கூட்டிப் பாருங்கள். சராசரி 54 ஆகும். இடைநிலை 40-ஐ விட்டு அசையாது.

தமிழ்தான் வேண்டுமென்றால் ‘நிரவல்’ இருக்கிறது. கச்சேரி நினைவுக்கு வந்தால் வரட்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவதுதான் நிரவுதல். அந்த ஐந்து மதிப்பெண்களில் 50-க்கு மேல் நிற்கும் மண் 5, 30, ஆக 35. கீழே பள்ளம் 15, 10, 10, அதுவும் 35. அந்த நிலம் முழுக்க 5 அங்குலம் மண் பரப்பினால் நிரவிய மட்டமும் 5 அங்குலம் உயரும். மேடுபள்ள வித்தியாசம் மாறாது. அதனால்தான் எல்லோருக்கும் 5 கூட்டினாலும் வீச்சு (உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்) 45 ஆகவே நிற்கிறது, திட்ட விலக்கமும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) அசைவதில்லை. விதியையே சொல் சொல்லிவிடுகிறது. பெருக்குச் சராசரிக்கு மட்டும் இந்தச் சொல்லைக் கொடுக்காதீர்கள்: 2, 8-ஐப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 4-தான் அது, ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் 5 அல்ல, ஏறத்தாழ 5.2.

நூற்றுக்கான தேர்வில் எல்லோருக்கும் 5 கருணை மதிப்பெண் போடும்போது ஒரு கவனம். ஐவரில் ஒருவர் 98 எடுத்திருந்தால் அவருக்கு 2-தான் ஏறும். மொத்தம் 22, சராசரி உயர்வு 4.4.

ஆங்கிலத்தின் ‘increase by 5’-க்கு மொழிபெயர்ப்பாளர்கள் எழுதும் ‘5 ஆல் உயர்த்தினால்’ இன்னொரு தொல்லை. ‘ஆல்’ என்றதும் மாணவர் பெருக்கப் போகிறார். ‘5 கூட்டினால்’ என்றால் என்ன குறைந்துவிடும்? சிலர் ‘5 மடங்கு’ என்றே எழுதுகிறார்கள். அப்படியானால் 50 என்ற சராசரி 250 ஆகிவிடும், அதுவும் நூற்றுக்கு!