தொடைக் குழியும் காஃபீன் கிரீமும்

தொடைச் சதையை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால் தோலில் சின்னச் சின்னக் குழிகள் விழும். சிலருக்கு அழுத்தாமலே தெரியும். இதைத்தான் செல்லுலைட் என்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்களில் நூற்றுக்கு 80, 90 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. இத்தனை பேருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது?

குழிக்குக் கொழுப்பை மட்டும் பழி சொல்கிறோம். இலவம்பஞ்சு மெத்தையில் ஊடே நூல் கோத்து இறுக்கிய இடம் பள்ளமாகவும், சுற்றிலும் பஞ்சு உப்பியும் இருக்குமே, அதே கதைதான் இங்கேயும். தோலை அடித்தசையோடு கட்டிவைத்திருக்கும் நார்ப்பட்டைகள்தான் அந்த நூல். பெண்களின் தொடையில் இவை பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன, ஆண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன என்று 1978இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒல்லியான பெண்ணுக்கும் குழி விழுவதும், தொந்தி வைத்த ஆணுக்கு அநேகமாக விழாததும் இதனால்தான்.

சரி, இந்தக் குழியைப் போக்கும் என்று விற்கும் கிரீம் என்ன செய்கிறது? பெரும்பாலானவற்றில் இருப்பது காஃபீன். கொழுப்புச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடினால் சேர்த்து வைத்த கொழுப்பு உடையத் தொடங்கும். அந்த மூலக்கூறை அழிக்கும் நொதியைக் காஃபீன் தடுக்கிறது. ஆய்வகத் தட்டில் இது நன்றாகவே நடக்கும். தொடையில் தடவும்போது காஃபீன் முதலில் மேல்தோலைத் தாண்ட வேண்டும். தாண்டியதில் பெரும்பகுதியை அடுத்த அடுக்கின் ரத்தக் குழாய்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சியது கொஞ்சம் கொழுப்பை உடைத்தாலும், உடம்பு அதை எரிக்காவிட்டால் அது திரும்பவும் கொழுப்பாகச் சேர்ந்துவிடும். இத்தனைக்கும் பிறகு நார்ப்பட்டை அப்படியேதான் இருக்கும்.

ஆனாலும் தடவியவர்கள் பலன் தெரிகிறது என்பது முழுப் பொய்யல்ல. அழுத்தித் தேய்ப்பதால் திசுவில் தேங்கிய நீர் நகர்கிறது, ஈரப்பதம் ஏறித் தோல் கொஞ்சம் உப்புகிறது. சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: ‘தோற்றத்தைக் குறைக்க உதவும்’ என்றுதான் இருக்கும். ‘குணமாக்கும்’ என்று எழுதினால் அழகுசாதனம் மருந்தாகிவிடும், அப்புறம் மருந்துக்கான நிரூபணம் கேட்பார்கள். முன், பின் படங்களிலும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கவனியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எந்தக் குழியும் ஆழமாகத்தான் தெரியும்.

தடவுபவற்றில் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலைக் கொஞ்சம் மதிக்கலாம். அது தோலின் உள்ளடுக்கைத் தடிமனாக்கி, அடியில் இருப்பதைக் கொஞ்சம் மறைக்கிறது. அதற்கும் 6 மாதம் போல விடாமல் தடவ வேண்டும், பலனும் சுமார்தான். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

பட்டையையே குறிவைத்தால்தான் குழி நிமிரும். தோலடியில் ஊசி போன்ற கருவியை விட்டு மருத்துவர் அதை அறுத்துவிடும் முறை உண்டு. பட்டையில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கரைக்கும் க்வோ என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 ஜூலையில் அனுமதி தந்தது. போட்ட இடம் மோசமாகக் கன்றிப்போனது, நிறமாற்றம் நீடிக்கலாம் என்ற கவலையும் எழுந்தது. 2022 கடைசியில் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது.