எஸ்போசித்தோ: சுவர்த் துளை வழியே வந்த குடும்பப்பெயர்

ஆங்கில வாசிப்பைப் பார்த்து 'எஸ்பொசிட்டோ' என்று எழுதுகிறோம். இத்தாலியர் வாயில் அந்த 'ட்' கிடையாது. நம் 'பத்து'வில் வரும் 'த்' போன்ற பல்லொலிதான். அதனால் எஸ்போசித்தோ என்று எழுதலாம். அழுத்தம் 'போ'வில்.

வேர்ச்சொல் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பொசிதுஸ்' என்றால் வைக்கப்பட்டது. சேர்ந்தால் எக்ஸ்பொசிதுஸ், வெளியே வைக்கப்பட்டது. கண்காட்சிக்கு இத்தாலியில் 'எஸ்போசித்சியோனே' என்பதும் இதே வேர்தான். கண்காட்சியில் வெளியே வைப்பது பொருளை. இந்தப் பெயருக்குப் பின்னால் வெளியே வைக்கப்பட்டது பச்சைக் குழந்தை.

இடம் நேப்பிள்ஸ். அங்கே அன்னுன்சியாத்தா என்ற மாதா கோயிலை ஒட்டி ஒரு காப்பகம் இருந்தது. அதன் தெருச்சுவரில் ஒரு துளை, துளைக்குள் சுழலும் மர உருளை. அதற்குப் பெயர் 'ரோத்தா', அதாவது சக்கரம். வளர்க்க முடியாதவர் குழந்தையை உருளையில் வைத்துத் திருப்பினால் அது உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. உள்ளே பேரேட்டில் வந்த நாள், நேரம், சுற்றியிருந்த துணி எல்லாம் ஏறும். அப்பன் பெயர்தான் இல்லையே! குடும்பப்பெயர் இடத்தில் 'எஸ்போசித்தோ' என்று எழுதினார்கள். சக்கரம் 1875-இல் நின்றது. துளையை இன்றும் பார்க்கலாம்.

நேப்பிள்ஸ் முராத் என்ற மன்னரின் ஆட்சியில் இருந்தபோது (1808–1815) இப்பெயரைப் புதிதாகச் சூட்டத் தடை வந்தது. பெயரைச் சொன்னாலே பிறப்பு தெரிந்துவிடுகிறதே என்பதுதான் காரணம். ஆனால் ஏற்கெனவே வைத்த பெயர் பேரன் பேத்தி வரை போய்விட்டிருந்தது. இன்று நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா மாநிலத்தில் மிக அதிகம் காணப்படும் குடும்பப்பெயர் இதுதான். இத்தாலி முழுக்க எடுத்தாலும் ரோஸ்ஸி, ருஸ்ஸோ போன்றவற்றோடு முன்வரிசையில் நிற்கிறது. கப்பலேறிப் போனவர்களோடு அமெரிக்கா, கனடாவுக்கும் போனது. 1970–71 பருவத்தில் 76 கோல் போட்ட ஐஸ் ஹாக்கி வீரர் பில் எஸ்போசித்தோ கனடாக்காரர்.

ஊருக்கு ஊர் வேறு பெயரும் உண்டு. ஃப்ளாரன்ஸ் காப்பகத்துப் பிள்ளைகள் இன்னொசெந்தி, 'மாசற்றவர்'. ரோம் பக்கம் ப்ரொயெத்தி, 'எறியப்பட்டவர்'. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. மிலானில் கொலொம்போ, 'புறா'. அங்கே இப்படி வந்த பிள்ளைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா. (கொழும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

சரி, எஸ்போசித்தோவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அனாதை' என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது பொருந்தாது. அனாதை என்றால் பெற்றவரோ ஆதரவோ இல்லாத பிள்ளை. இங்கே பெற்றவர் பெரும்பாலும் உயிரோடு, அதே ஊரிலேயே இருந்தார்கள். 'கைவிடப்பட்டவன்' என்றால் பெற்றவர் மேல் பழி ஏறுகிறது. லத்தீன் சொல்லில் அந்தப் பழி இல்லை. 'கண்டெடுத்த பிள்ளை' நல்ல வழக்குதான், ஆனால் அது எடுத்தவர் பக்கத்துப் பேச்சு. 'வெளியே வைத்த பிள்ளை' என்பதே என் தேர்வு. ஆள் பெயராக வரும்போது மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், எஸ்போசித்தோ என்றே இருக்கட்டும்.