தாச்சா பண்ணை வீடு அல்ல

"ரஷ்யர்கள் கோடை விடுமுறையைத் தங்கள் பண்ணை வீடுகளில் கழிக்கிறார்கள்." இந்த வாக்கியத்தைத் தமிழில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. செய்திக் கட்டுரையில் வருகிறது, பயணக் குறிப்பில் வருகிறது, படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரியில் வருகிறது. அண்மையில் ஒரு காணொளியிலும் கேட்டேன். திரையில் பலகை அடித்த சின்ன வீடு ஒன்று, அதன் முன்னால் உருளைக்கிழங்குப் பாத்தி, குனிந்து களை பிடுங்கும் ஒரு பாட்டி. பின்னணிக் குரல் அதைப் பண்ணை வீடு என்கிறது. பார்க்கிறவர் கண்ணை நம்புவதா, காதை நம்புவதா?

மூலச்சொல் தாச்சா. ரஷ்ய மொழியில் 'தாத்' என்றால் கொடு. அதிலிருந்து வந்த தாச்சாவுக்கு முதற்பொருள் 'கொடுக்கப்பட்டது', அதாவது அரசர் தம் ஊழியருக்குக் கொடுத்த நிலம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகா பீட்டர், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பீட்டர்ஹோஃப் போகும் சாலையோரம் தம் பிரபுக்களுக்கு மனைகள் கொடுத்தார். நகரத்துக்கு வெளியே கோடைக்கென்று ஒரு வீடு வைத்துக்கொள்ளும் வழக்கம் அதிலிருந்து பரவியது. சமஸ்கிருதத் தானமும் லத்தீன் 'தாரே'யும் இதே வேரில் பிறந்தவை. நம் கல்வெட்டுகளில் வரும் பிரமதேயத்தின் (பிராமணருக்குக் கொடுத்த நிலம்) 'தேயம்' கூட அந்தக் குடும்பம்தான். உடனே தமிழ்த் 'தா'விலிருந்துதான் தாச்சா போனது என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம் 'தா' திராவிடச் சொல். ஒலி ஒத்திருப்பது தற்செயல். தமிழின் பெருமைக்கு இந்த மாதிரிக் கயிறு திரிப்புத் தேவையே இல்லை.

எழுத்துப்பெயர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 'டாச்சா' என்று எழுதுகிறார்கள், 'டச்சா' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியவை. ரஷ்ய மொழியின் அந்த முதல் எழுத்து, நாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கும் ஒலி. 'தானம்' என்று சொல்லும்போது நம் வாயில் வருகிறதே, அதே ஒலி. தஸ்தயேவ்ஸ்கி என்று எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 'டச்சா' என்றால் டச்சுக்காரர் நினைவு வேறு வந்து தொலைக்கிறது. தாச்சா என்றே எழுதலாம்.

சரி, இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது? பெரும்பாலான ரஷ்யக் குடும்பங்களுக்கு அது 'ஆறு சோத்கா'. சோத்கா என்பது ஹெக்டேரில் நூற்றில் ஒரு பங்கு, 100 சதுர மீட்டர். நம் செண்ட் ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு அல்லவா, அதே கணக்கு. ஆறு சோத்கா 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 செண்ட். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு உணவுக்குத் தவித்த காலத்தில், 1949-இல், தொழிலாளர்களும் அலுவலர்களும் கூட்டாகத் தோட்டம் போடுவதற்குச் சோவியத் அரசு ஆணை பிறப்பித்தது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் நகரத்துக்கு வெளியே நிலம் வாங்கித் தம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. கிடைத்தது பெரும்பாலும் உழவுக்கு உதவாத சதுப்பும் புதரும்தான். அதைத் திருத்தி மண் கொட்டி, கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்து, வாரக் கடைசிகளில் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த வீடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் பல காலம் கட்டுப்பாடு இருந்தது. படுக்கவும் மண்வெட்டி வைக்கவும் ஓர் இடம், அவ்வளவே.

அங்கே நடப்பது வேலை. தக்காளி நாற்று பிப்ரவரி, மார்ச்சிலேயே நகரத்து அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் விளிம்பில் முளைக்கத் தொடங்கிவிடும், வெளியே பனி கிடக்கும்போதே. மே மாதத் தொடக்கத்தில் வரும் விடுமுறை நாட்களில் அந்த நாற்றுகளை மடியில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிச்கா என்னும் புறநகர் ரயிலில் கூட்டமாகப் போவார்கள். உருளைக்கிழங்கு நடுவது பலருக்கு அப்போதுதான். அப்புறம் வெள்ளரி, சதகுப்பை, முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி, ஸ்மரோதினா என்னும் சின்னஞ்சிறு கனி என்று வரிசையாக வரும். ஆகஸ்டில் பக்கத்துக் காட்டில் காளான் பொறுக்குவார்கள். வெள்ளரிக்காய் மூன்று லிட்டர் கண்ணாடிச் சாடிகளில் உப்புநீரில் ஊறும், பழங்கள் வரேனியே என்னும் பழப்பாகாகி அடுக்கில் ஏறும். 1990-களில் சம்பளம் மாதக் கணக்கில் வராமலும், வந்த பணம் மதிப்பிழந்தும் போன வேளையில் எத்தனையோ குடும்பங்களின் குளிர்கால உணவு இந்த 15 செண்டில் விளைந்த உருளைக்கிழங்குதான். ஓய்வும் உண்டு. மாலையில் கரியில் ஷஷ்லிக் என்னும் இறைச்சித் துண்டுகளைச் சுடுவது, 'பானியா' என்னும் நீராவிக் குளியல், நடுச்சாமம் வரை தேநீரும் பேச்சும். ஆனால் முதுகு ஒடிய வேலை பார்த்துவிட்டுத்தான் அது எல்லாம்.

இதைப் போய்ப் பண்ணை வீடு என்றால் எனக்குக் கோபம் வருகிறது. தமிழில் பண்ணை என்ற சொல் என்ன சுமந்து வருகிறது என்று பாருங்கள். பண்ணையார், பண்ணையாள், பண்ணையடிமை. நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம், அதில் ஒருவர் உட்கார்ந்திருக்க மற்றவர் உழைக்கும் ஏற்பாடு. இந்தக் காலத்துப் பண்ணை வீடு இன்னொரு வகை: உயர்ந்த சுற்றுச்சுவர், நீச்சல் குளம், காவலாளி, திரைப் புள்ளிகளும் அரசியல் புள்ளிகளும் ஒதுங்கும் இடம். நாளிதழில் 'பண்ணை வீட்டில்' என்று தலைப்பு வந்தாலே ரகசியக் கூட்டம் என்று வாசகர் ஊகித்துக்கொள்கிறார். ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியையும் தம் கையால் கொத்திப் பயிரிடும் துண்டு நிலத்துக்கு இதே பெயரை ஒட்டினால், ரஷ்யாவில் ஆளுக்கு ஒரு சொகுசு மாளிகை இருக்கிறது என்றுதான் தமிழ் வாசகர் நினைப்பார். நினைக்கவும் செய்கிறார்கள். 'அங்கே சாதாரண ஆட்களுக்கும் பண்ணை வீடு இருக்கிறதாமே' என்று என்னிடமே வியந்து கேட்டவர்கள் உண்டு.

பணக்காரர் கட்டிக்கொள்ளும் பெரிய புறநகர் வீட்டை ரஷ்யர்கள் என்ன சொல்கிறார்கள்? பெரும்பாலும் 'கத்தேஜ்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் சிறு வீட்டைக் குறிக்கும் சொல், அங்கே போய்ச் செங்கல்லில் எழும்பிய இரண்டு, மூன்று மாடி வீட்டைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பண்ணை வீடு என்பதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால் அந்தக் கத்தேஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாச்சாவை விட்டுவிடுங்கள்.

தவறான சொல் ஒரு படைப்பையே எப்படிக் குலைக்கும் என்பதற்குச் செகாவின் கடைசி நாடகம், 1904-இல் மேடையேறிய செர்ரித் தோட்டம், நல்ல சான்று. கடனில் மூழ்கிய சீமாட்டி ரனேவ்ஸ்கயாவுக்கு வணிகர் லோபாகின் ஒரு வழி சொல்கிறார்: தோட்டத்தை வெட்டி, நிலத்தைச் சிறு மனைகளாகப் பிரித்து, தாச்சா போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள். தாச்சாவும் தாச்சாக்காரர்களும் மட்டமான ரசனை என்று அவள் முகம் சுளிக்கிறாள். ரயில் வந்த பிறகு நகரத்து நடுத்தர மக்கள் கோடைக்கு இடம் தேடிக் கிளம்பிய காலம் அது. பழைய பிரபுக் குடும்பத்துக்கு அந்தக் கூட்டம் அருவருப்பு. இங்கே 'பண்ணை வீடுகள் கட்டலாம்' என்று லோபாகினைப் பேசவைத்தால் ரனேவ்ஸ்கயா ஏன் சுளிக்க வேண்டும்? பண்ணை வீட்டுக்காரியே அவள்தானே! நாடகத்தின் வர்க்கக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடுகிறது.

இந்தப் பண்ணை வீட்டுக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் ஊகிக்கக்கூடியதே. தலைவர்களுக்கு அரசு கொடுத்த இல்லங்களுக்கும் ரஷ்ய மொழியில் தாச்சா என்றே பெயர். ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று உயிர்விட்டது மாஸ்கோவை ஒட்டிய குன்த்சேவோ தாச்சாவில். 1991 ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது சோவியத் அதிபர் கர்பச்சேவ் அடைத்து வைக்கப்பட்டது கிரிமியாவின் ஃபோரஸ் தாச்சாவில். செய்தி முகமைகள் வழியாக நமக்கு வந்து சேர்ந்தவை இந்தத் தாச்சாக்கள்தாம். இங்கெல்லாம் அரசு இல்லம் என்றோ, வெறுமனே தாச்சா என்றோ எழுதலாம். எழுத்தாளர்களுக்கு அரசு ஒதுக்கிய பெரெதெல்கினோ ஊரில் கவிஞர் பஸ்தெர்நாக் கடைசி நாள் வரை வாழ்ந்த வீடும் இந்த ஒதுக்கீட்டு வகையே. கொடுத்தல் என்ற பழைய பொருள் இவற்றில் மிச்சமிருக்கிறது. ஆனால் விதிவிலக்கை வைத்துச் சொல்லின் பொருளை முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கட்சி 'கோடை மாளிகை', 'கோடை இல்லம்', 'கோடை வாசஸ்தலம்' என்று எழுதுகிறது. மாளிகையைப் பற்றி மேலும் பேச வேண்டாம். எனக்கு இதில் உறுத்துவது கோடை. நம் கோடை தப்பி ஓட வேண்டிய பருவம். வாசஸ்தலம் என்றதும் ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வருவது, வெயிலிலிருந்து மலைக்கு ஓடும் வெள்ளைக்காரர் பழக்கத்தால். ரஷ்யர் எதிலிருந்தும் தப்பித்துப் போகவில்லை. ஆண்டின் பெரும்பகுதி குளிரில் கிடந்துவிட்டு, கிடைக்கும் கொஞ்ச வெயிலை ஒரு நாளும் வீணாக்காமல் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள். ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கில் இரவே சரியாக இருட்டாது. கோடைக்கு அவர்கள் சொல் 'லேத்தா'. ஒருவரிடம் வயது கேட்கும்போதும் 'எத்தனை லேத்' என்றுதான் கேட்கிறார்கள், உனக்கு எத்தனை கோடை ஆகிறது என்பது போல. அவ்வளவு ஆசை வைத்த பருவம். தமிழில் இளவேனில் என்ற சொல்லே அந்த மனநிலைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அதனால் 'வேனிற்குடில்' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் உருளைக்கிழங்கு இல்லை. கேட்பவர் கையில் புத்தகத்தோடு சாய்வு நாற்காலியில் கிடக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வார். தாச்சாவின் உயிர் மண்ணில் இருக்கிறது. ஆகவே தோட்டம் என்ற சொல் உள்ளே வர வேண்டும். எளிய கட்டடம் என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 'தோட்டக்குடில்'. என் பரிந்துரை இதுதான். ரஷ்யச் சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது: 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் 'தாச்சா நிலம்' என்ற வகையே எடுக்கப்பட்டுவிட்டது. பழத்தோட்ட நிலம், காய்கறித் தோட்ட நிலம் என்ற இரண்டு மட்டுமே மிஞ்சின. மக்கள் வாயில் தாச்சா அப்படியே இருக்கிறது, அது வேறு.

தோட்டம் என்றால் கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசன நிலம், இலங்கை மலையகத்திலும் மலேசியாவிலும் தேயிலையோ ரப்பரோ விளையும் பெருந்தோட்டம், குழப்பம் வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'தோட்ட வீடு' என்று வைத்தால் நிச்சயம் குழம்பும். கொங்கில் அது குடும்பம் ஆண்டு முழுவதும் வாழும் வீடு. அதற்காகவே வீட்டைத் தள்ளிவிட்டுக் குடிலை எடுத்தேன். மலையகத்துத் தொழிலாளர் குடியிருப்புக்கு லயம் என்ற தனிப்பெயர் இருக்கிறது, அதைத் தோட்டக்குடில் என்று யாரும் சொல்வதில்லை. நீண்ட கட்டுரை என்றால் முதல் இடத்தில் 'தாச்சா என்னும் தோட்டக்குடில்' என்று எழுதிவிட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் புழங்கலாம். பீட்டர் காலத்து நிலக்கொடையைப் பேசும்போது மட்டும் மானியம் என்பதே சரி.

இவ்வளவு சொன்ன பிறகு, தொடக்கத்தில் காட்டிய அந்த வாக்கியத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் 'விடுமுறை'யையும் விட முடியவில்லை. ரஷ்ய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள். பள்ளிக்கு 'கனிகூலி', ரோமானியர் சிரியஸ் விண்மீனுக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. வேலை பார்ப்பவருக்கு 'ஓத்புஸ்க்'. விடு, போக விடு என்ற வினையிலிருந்து பிறந்தது. நம்மிடமும் இரண்டு இருக்கின்றன, பள்ளிக்கு விடுமுறை, வேலைக்கு விடுப்பு. விடுப்பு என்பதில் அதே 'விடு' உட்கார்ந்திருக்கிறது! இப்படிப் பொருந்தும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் எல்லாவற்றையும் விடுமுறை என்று எழுதுகிறோம். விளைவு, 'ரஷ்யர்களுக்கு மூன்று மாதக் கோடை விடுமுறை' என்று அச்சாகிறது. மூன்று மாதம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பள்ளிப் பிள்ளைகளுக்கு. செப்டம்பர் 1 அன்று பூங்கொத்தோடு பள்ளி திரும்ப வேண்டும். பெற்றோருக்குத் தொழிலாளர் சட்டப்படி உள்ள அடிப்படை விடுப்பு ஆண்டுக்கு 28 நாட்கள். அதில் பாதியைச் சோச்சி, அனாப்பா போன்ற கருங்கடல் ஊர்களிலோ துருக்கிக் கடற்கரையிலோ கழிக்க விரும்புகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் பேரப்பிள்ளைகள் கோடை முழுவதும் பாட்டியோடு தோட்டக்குடிலில் இருக்கிறார்கள். அப்பா அம்மா வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் கிளம்பி வந்து, ஞாயிறு இரவு வெள்ளரிக்காய் மூட்டையோடு நகரத்துக்குத் திரும்புகிறார்கள். விடுப்பையும் விடுமுறையையும் ஒன்றாக்கி எழுதுகிறவரால் இந்த ஏற்பாட்டைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே முடியாது.