கறுப்பின மரபுப் பல்கலைக்கழகம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘வரலாற்றுச் சிறப்புமிக்க கறுப்பினப் பல்கலைக்கழகம்’ என்று போட்டுவிடுகிறோம். சிறப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் மூலமான ‘ஹிஸ்டாரிக்கலி பிளாக்’ என்ற ஆங்கிலத் தொடரின் பொருள் அதுவல்ல. யாருக்காகத் தோன்றியது என்பதைத்தான் அது சொல்கிறது.

நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘நீக்ரோ கல்லூரி’. பின்னர் அமெரிக்காவின் 1965 உயர்கல்விச் சட்டம் வரையறை தந்தது: 1964-க்கு முன் தொடங்கி, கறுப்பின அமெரிக்கரின் கல்வியை அன்றும் இன்றும் தலையாய நோக்கமாகக் கொண்ட நிறுவனம். இனப்பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964-ல்தான். அதற்கு முன் தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகளின் கதவு கறுப்பின மாணவருக்குப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது.

ஹோவர்ட் அப்படி யாருக்கும் கதவடைக்கவில்லை. 1867-ல் வாஷிங்டனில் அது தொடங்கியபோது முதலில் சேர்ந்தவர்கள் சில வெள்ளைக்காரப் பெண்கள், நிறுவனர்களின் மகள்கள்! மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டில் 1895-ல் கறுப்பினத்தவருக்காக எழுந்த கல்லூரியில் இன்று வெள்ளை மாணவர்களே அதிகம். ஆனாலும் அது ‘ஹிஸ்டாரிக்கலி பிளாக்’ நிறுவனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. தலையை எண்ணி வைத்த பெயரல்ல, பிறப்பைப் பார்த்து வைத்த பெயர்.

‘வரலாற்று வழிக் கறுப்பினப் பல்கலைக்கழகம்’ என்றால் பொருள் சரி, வாய்க்குள் அடங்காது. நான் எழுதுவது ‘கறுப்பின மரபுப் பல்கலைக்கழகம்’. வந்த வழியும் கைமாறி வருவதும் ‘மரபு’ என்ற ஒரே சொல்லில் அடங்குகின்றன. கறுப்புக்கு வல்லின ‘ற’ போடுங்கள். ‘கருப்பு’ என்பதற்குப் பஞ்சம் என்றும் பழம்பொருள் உண்டு.

இன்னொரு சொல், ‘யார்ட்’. ஹோவர்டின் நடுவே, 1939-ல் திறந்த ஃபவுண்டர்ஸ் நூலகத்தின் மணிக்கூண்டுக்கு எதிரே விரியும் புல்வெளியை மாணவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ‘வளாகம்’ என்றால் உயிர் வராது, அது முற்றம். வகுப்பு விட்டால் கூடுவதும் பழைய மாணவர்கள் திரும்பி வந்து கட்டிக்கொள்வதும் அங்கேதான். 1908-ல் இதே பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா மகளிர் சங்கத்தாரை இளஞ்சிவப்பும் பச்சையுமான உடையில் பார்க்கலாம். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அந்தச் சங்கத்தவர். யாராவது ஹோவர்டின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான “எச்.யூ!” என்று குரல் கொடுத்தால் போதும், எந்தப் பக்கமிருந்தாவது “யூ நோ!” (உனக்கே தெரியுமே!) என்று பதில் வந்துவிடும்.