சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும்: சிறுநீரகத்தின் இரு மடைகள்

சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறோம், பிரஷர் கொஞ்சம்தான் இருக்கிறது, அது ஒன்றும் செய்யாது என்ற பேச்சைத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்போரிடம் சாதாரணமாகக் கேட்கலாம். இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை அந்தக் ‘கொஞ்சம்’ கொஞ்சமன்று.

இன்சுலினுக்குத் தசைகள் சரிவரப் பணியாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. தசை பணியாவிட்டாலும் சிறுநீரகம் பணிகிறது. இன்சுலின் மிகுந்திருக்கையில் அது வெளியேற வேண்டிய சோடியத்தைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. போதாக்குறைக்கு, வடிகட்டிய நீரிலிருந்து சர்க்கரையை மீட்கும் நுண்குழல்கள் அதனுடன் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கின்றன. உப்பு தங்கினால் நீரும் தங்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தமனிகளும் விறைத்துப்போவதால் அழுத்தம் ஏறுகிறது.

அந்த அழுத்தம் முதலில் பதம் பார்க்கும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகமே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்தந்துகி முடிச்சுகள் இரத்தத்தை வடிகட்டுகின்றன. தண்ணீர் பாயும் மடையை அகலத் திறந்துவிட்டு வடியும் மடையைப் பாதி அடைத்தால் வயலில் நீர்மட்டம் ஏறி வரப்பு கசிவதைப் போல, நீரிழிவில் முடிச்சுக்குள் இரத்தம் நுழையும் நாளம் விரிந்தும், வெளியேறும் நாளம் ஆஞ்சியோடென்சின் என்ற வேதிப்பொருளால் சுருங்கியும் போவதால், உள்ளே அழுத்தம் கூடி அல்புமின் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. காலில் வீக்கம் தெரிவதற்கு வெகு முன்பே இக்கசிவைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிவிடும்.

எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் வெளியேறும் மடையைத் திறக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து நுழையும் மடையைச் சற்றுக் குறுக்குகிறது. உள்ளழுத்தம் இறங்கும்போது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் தொடக்கத்தில் இரத்தத்தில் சிறிது ஏறுவதுண்டு. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது என்று பலரும் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். சிறிய ஏற்றம் மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், சில வாரங்களில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மீண்டும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வதே முறை. சிறுநீரகத்தை உண்மையில் கெடுக்கக்கூடியது, நடவு முடிந்த இரவில் இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைதான். அது அழுத்தத்தையும் ஏற்றும்.

அழுத்தத்தை எவ்வளவு குறைப்பது? 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 1148 நீரிழிவு நோயாளர்கள் இரு பிரிவாகக் கவனிக்கப்பட்டனர். ஒரு பிரிவின் சராசரி 144/82, மற்றதன் சராசரி 154/87. இந்தப் பத்துப் புள்ளி வேறுபாட்டுக்கே பக்கவாதம் 44 விழுக்காடும் நீரிழிவு சார்ந்த மரணம் 32 விழுக்காடும் குறைந்தன. மேல் அளவை 120க்குக் கீழே இறக்கிப் பார்த்த 2010ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் பக்கவாதம் குறைந்தாலும் மொத்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை, பக்கவிளைவுகளோ கூடின; 2024இல் வெளியான சீன ஆய்வு அதே இலக்கில் பலன் கண்டது. விவாதம் முடியவில்லை என்றாலும், பலருக்கும் 130/80க்குக் கீழ் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் இலக்கு.

நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோற்றில் போடும் உப்பும், தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடும் சேர்ந்தால் காலை வேளையிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். சோற்றைக் குறைத்துவிட்டு ஊறுகாயைக் குறைக்காதவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நெடுநாள் சர்க்கரையால் நரம்புகள் தளர்ந்தவர்களுக்கு, உட்கார்ந்து பார்த்தால் அழுத்தம் உயர்ந்தும், எழுந்து நின்றால் சட்டென்று வீழ்ந்தும் இருக்கும். குறுவை நடவின் வெயிலில் வியர்த்து, குனிந்து நிமிரும்போது கண் இருட்டுகிறது என்று சொல்பவரை, படுக்க வைத்து ஒருமுறையும் நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் அளந்து பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நீர் பிரிக்கும் மாத்திரை உட்பட அவர் போடும் மருந்துகளின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றியமைப்பார்.